சலவைக் கணக்கு

ப்ரவிசான் என்று சொன்னால்
உதினே சந்தையிலேயே யாருக்கும் தெரியாது.
இருபத்தேழு புகைபோக்கி, ஒரு மணிக்கூண்டு,
இரண்டு கிணறு, அதில் ஒன்று உப்பு.
அந்த மே மாதம் முடிவதற்குள்
நாற்பத்தெட்டு டெலிபோன் கம்பி.
ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்ததெல்லாம்
பள்ளிக்கூடத்து ஜன்னலில் நுழைந்தன.
பிள்ளைகளைச் சர்ச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.
ஏழாம் வாய்ப்பாட்டை
புனிதர்களின் முகம் பார்த்து ஒப்பித்தன.

பட்டுப்புழு வளர்த்த எங்கள் மச்சில்
மூன்று கர்னல்கள் குடியேறினார்கள்.
முசுக்கொட்டை இலையை இரவெல்லாம்
மழைபோல மென்றுகொண்டிருந்த புழுக்கள்
சுருட்டுப் புகையில் ஐந்தாம் நாள் தலை சாய்த்தன.
நஷ்ட ஈடு என்று ஒரு காகிதம் தந்தார்கள்.
முத்திரை அழகாக இருந்தது.

எனக்குச் சலவை.
சட்டைக்கு நாலு காசு, கஞ்சி போட்டால் ஆறு.
கார்ப்பொரல் நாசாரேனோ, தெற்கே கடலோரத்துக்காரன்,
மூட்டையை இறக்கி எண்ணிக்கை சொல்வான்.
நான் கதவின் பின்புறம் கரிக்கோடு இழுப்பேன்.

படை என்றால் ரத்தக் கறை வரும் என்று
உப்பும் சாம்பலும் சேர்த்து வைத்திருந்தேன்.
வரவில்லை.
இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை,
அதுவும் சவரக் கத்தி பட்டது.
வந்ததெல்லாம் மை, காப்பி, ஆட்டுக்கறிக் குழம்பு.
வலது கை விளிம்பில் மட்டும்
சிவப்புப் பென்சில், நீலப் பென்சில்.

கறை பார்த்துக் காலம் சொல்லப் பழகினேன்.
காலருக்குக் கஞ்சி கூடக் கேட்டால்
தலைநகரத்திலிருந்து பெரிய மனிதர் வருகிறார்.
நீலம் ஏறினால் கிழக்கே ஏதோ நகர்கிறது.
முழங்கை தேய்ந்து வந்தால்
மேசைமேல் வெகுநேரம் குனிந்திருக்கிறார்கள்;
அந்த வாரம் கண்ணாடி டம்ளர்கள் தாமாகவே நடுங்கும்.
ரொட்டிக்காரி ஃபெலிச்சிதா வந்து
"என்ன சொல்கிறது துணி?" என்பாள்.
"இன்னொரு மூட்டை மாவு பிசைந்து வை."

என் ஒலிவோ அங்கேதான் இருந்தான், பாறை மேட்டில்.
வரைபடத்தில் பார்த்துச் சொல்லேன், எங்கே என்று
நாசாரேனோவிடம் ஒருமுறை கேட்டேன்.
மறுநாள் மூட்டையை அவிழ்க்காமலே நின்றான்.
"அக்கா, பென்சில் மொட்டை.
கோட்டின் தடிமனே முந்நூறு கெஜம்.
அவர் அதற்குள் இருக்கிறார்."

போகிறபோது இன்னொன்றும் சொன்னான்.
நம் ஊர் அந்த வரைபடத்தில் இல்லையாம்.
இருந்ததாம்.
"நாம் இங்கே, நாம் இங்கே" என்று
வருகிறவன் போகிறவன் எல்லாம் விரல் ஊன்றி
பெயர் அழிந்து, காகிதம் நைந்து,
இப்போது ஒரு ஓட்டை.

அக்டோபரில் மூன்று நாள் மழை.
நாலாம் இரவு நாய்கூடக் குரைக்கவில்லை,
கார்கள் அவ்வளவு மெதுவாக உருண்டன.
விடிந்து போய்ப் பார்த்தால்
பள்ளிக்கூடத்து அடுப்பு மட்டும் சுட்டது,
வாய் நிறையக் காகிதச் சாம்பலோடு.
என் கொடியில் பதினொரு சட்டை
சொட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் மற்றவர்கள் வந்தார்கள்.
வேறு தொப்பி, வேறு பாஷை.
யாரோ வழி சொல்லி அனுப்பியதுபோல
நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போனார்கள்.
கம்பி அதே ஜன்னலில் நுழைந்தது.
மேசையை அதே வெளிச்சத்துக்கு இழுத்தார்கள்.
திங்கட்கிழமை ஒரு சிப்பாய் மூட்டையோடு வந்து
விரல்களால் எண்ணிக்கை காட்டினான்: ஒன்பது.

வலது கை விளிம்புகளைப் புரட்டினேன்.
சிவப்பு, நீலம்.
இவர்களுக்கு எந்த நிறம் இவர்கள்
என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை.
தொட்டியில் போட்டேன்.
பூஞ்சை பிடித்த அந்தப் பதினொன்றையும்
கூடவே போட்டேன்.
தண்ணீர் ஊதாவாகிவிட்டது.

கதவின் பின்புறம்
பதினொரு கோட்டுக்குக் கூலி பாக்கி.
அதன் கீழே ஒன்பது இழுத்தேன்.
கரி மொட்டை.
கோடுகள் தடிமனாக விழுந்தன.